காத்திருப்பவர்களின் நேரம்: அண்மைக்காலச் சுயாதீனப் படங்களைப் பற்றி ஒரு பார்வையாளன்



நினைவுச் சொற்பொழிவில் மறைந்த தோழரின் பெருமைகளை அடுக்குவது இந்த மன்றத்தின் வழக்கமில்லை. அவர் பேச விரும்பிய விஷயம் ஒன்றை எடுத்துப் பேச வேண்டும், பேசியதன்மேல் சண்டையும் போட வேண்டும் என்பதுதான் இங்கே முறை. இந்த ஆண்டு சினிமா என்றார்கள். நான் படம் எடுப்பவன் இல்லை. விமர்சகன் என்ற பட்டமும் எனக்கில்லை. படம் பார்க்கிறவன். பார்த்ததைப் பற்றி நான்கு பேரிடம் பேசாவிட்டால் தூக்கம் வராதவன். அந்த அளவில் கேளுங்கள்.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த கலைப்படங்கள், சுயாதீனப் படங்கள் என்று சொல்லப்படுகிற சிலவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இவற்றைப் பற்றி நம் தோழர்களிடம் ஒரு கருத்து உண்டு. "படம் நகரவே மாட்டேங்குதே. ஒருத்தன் நடக்கிறான், நடக்கிறான், நடந்துகிட்டே இருக்கிறான். வயிறு நிறைந்தவன் பார்க்கிற படம். நமக்கு எதுக்கு?" இந்தக் கருத்தில் நியாயம் இருக்கிறது. திரையில் நாம் அடிமையாகவோ கோமாளியாகவோ வந்துபோன காலம் நீண்டது. 'அட்டகத்தி' 2012இல் வந்தது. 'மெட்ராஸ்' 2014இல். 'காலா'வும் 'பரியேறும் பெருமாளும்' 2018இல். திரையரங்கில் நம் பையன்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலின் மதிப்பைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. பெரிய திரை, பெரிய சத்தம், பெரிய கூட்டம் எல்லாம் நமக்கும் வேண்டும்.

ஆனால் மெதுவாக நகரும் படம் நமக்கானதில்லை என்ற முடிவை மட்டும் நான் ஏற்கவில்லை. இன்று நான் சொல்லவந்தது இந்த ஒன்றுதான்.

யாருடைய நேரம் மெதுவாக நகர்கிறது?

யோசித்துப் பாருங்கள். இந்தச் சமூகத்தில் யார் அதிகமாகக் காத்திருக்கிறார்கள்? சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில், பூர்வீகத்தை நிரூபிக்கும் காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருப்பது யார்? அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்பது யார்? காவல் நிலையத்தில் புகாரை எடுத்துக்கொள்வார்களா மாட்டார்களா என்று வேப்பமரத்தடியில் நிற்பது யார்? வன்கொடுமை வழக்கில் வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கி, கூலியை இழந்து, பத்து வருடம் நீதிமன்றத்துக்கு நடப்பது யார்?

சாதி நம்மிடமிருந்து நிலத்தைப் பிடுங்கியது, படிப்பைப் பிடுங்கியது என்று பேசுகிறோம். நேரத்தையும் பிடுங்கியிருக்கிறது. காத்திருக்க வைப்பது அதிகாரத்தின் பழைய பழக்கம். கைகட்டி வாசலில் நிற்கவைத்த பண்ணையார் போய்விட்டார். வாசலும் நிற்பதும் போகவில்லை.

வணிக சினிமா இந்த நேரத்தை வெட்டிவிடும். கதாநாயகன் மனு கொடுப்பான், அடுத்த ஷாட்டில் மனு கிழிக்கப்படும், அதற்கடுத்த ஷாட்டில் அவன் மேசையை உதைப்பான். நடுவில் இருந்த எட்டு மணி நேரம் எங்கே போனது? நம் அம்மாக்களின் வாழ்க்கை அந்த எட்டு மணி நேரத்தில்தான் கழிந்தது. அதைத் திரையில் வைப்பதற்கு நீளமான ஷாட் வேண்டும், பொறுமை வேண்டும். நல்ல சுயாதீனப் படங்கள் சில இதைச் செய்திருக்கின்றன.

நடப்பதும் நிற்பதும்

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுவே. மேலூர்ப் பக்கத்து வறண்ட நிலம். குடிகார அப்பன், கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்ட மனைவியைக் கூட்டிவர, பள்ளிக்கூடத்தில் இருக்கும் மகனை இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பி வர வைத்திருந்த பஸ் காசைப் பையன் கிழித்துப் போடுகிறான். இருவரும் உச்சி வெயிலில் நடந்து வருகிறார்கள். கதை அவ்வளவுதான்.

தாகம் எடுக்காமலிருக்கப் பையன் வாயில் ஒரு கல்லைப் போட்டுக்கொள்கிறான். வீடு திரும்பியதும் அந்தக் கல்லை எடுத்து வைக்கிறான். அங்கே ஏற்கெனவே கற்கள் சேர்ந்து கிடக்கின்றன. எத்தனை முறை இப்படி நடந்திருக்கிறான் என்பதை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை, கற்கள் சொல்கின்றன. படத்தின் கடைசியில் ஒரு பெண் ஊற்றில் தண்ணீர் மொள்கிறாள். சிறு பள்ளத்தில் ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேந்துகிறாள். குடம் நிறைய எவ்வளவு நேரமாகுமோ அந்த நேரத்தின் பாரம் நம்மேல் இறங்குகிறது. தண்ணீர்ப் பஞ்சம் பற்றிய பத்து வசனங்களால் இது முடியாது.

அம்ஷன் குமாரின் 'மனுசங்கடா' 2018இல் திரைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கோவாவில் இந்தியப் பனோரமாவில் காட்டப்பட்டது. தலைப்பு நம் இன்குலாப்பின் பாடலுடையது. சென்னையில் வேலை பார்க்கும் தலித் இளைஞன், அப்பா இறந்த செய்தி கேட்டு ஊருக்குப் போகிறான். பொதுப்பாதையில் பிணத்தைக் கொண்டுபோக ஊர் விடவில்லை. உயர்நீதிமன்றம் போய் ஆணை வாங்கிவருகிறான். ஆணை கையில் இருந்தும் பாதை திறக்கவில்லை. காவல்துறை உடலை எடுத்துக்கொண்டு போகிறது. 2016 சனவரியில் திருநாள்கொண்டச்சேரியில் நடந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். காரைக்கால் தோழர்களுக்கு அது தூரத்து ஊர் இல்லை.

அந்தப் படத்தில் பிணம் வீட்டில் கிடக்கிறது. பேச்சுவார்த்தை நடக்கிறது, முடிகிறது, மறுபடி நடக்கிறது. அதிகாரிகள் வருகிறார்கள், போகிறார்கள். பிணம் கிடக்கிறது. பெண்கள் அழுது அழுது ஓய்கிறார்கள். சாவு வீட்டில் அழுகையும் ஓய்ந்தபிறகு மிஞ்சுகிற அந்த நேரத்தைப் படம் விடாமல் காட்டுகிறது. கைப்பிடிக் கேமரா, குறைந்த செலவு, சில இடங்களில் நாடகத்தனமான நடிப்பு. குறைகள் தெரிகின்றன. ஆனால் செத்தபிறகும் காத்திருக்க வைக்கப்படும் உடலைத் தமிழ்த் திரையில் இத்தனை நேரம் நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

சைதன்ய தம்ஹானேயின் மராத்திப் படம் 'கோர்ட்' 2014இல் வெனிஸ் விழாவில் விருது பெற்றது. நாராயண் காம்ப்ளே என்ற மக்கள் பாடகர்மேல் வழக்கு. அவர் பாட்டைக் கேட்டுத்தான் ஒரு சாக்கடைத் தொழிலாளி தற்கொலை செய்துகொண்டாராம். காம்ப்ளேயாக நடித்த வீரா சாத்திதார் நாக்பூரின் அம்பேத்கரியச் செயல்பாட்டாளர். 2021இல் கொரோனாவில் இறந்துபோனார். படத்தில் வழக்கு தள்ளிப்போகிறது, மறுபடி தள்ளிப்போகிறது. நீதிபதியும் அரசு வழக்கறிஞரும் கெட்டவர்களாகக் காட்டப்படவில்லை. வீட்டுக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், நாடகம் பார்க்கிறார்கள், சுற்றுலா போகிறார்கள். அவர்களுடைய நேரம் அவர்களிடம் இருக்கிறது. சிறையில் இருப்பவரின் நேரத்தை அவர்கள் தேதி போட்டு எடுத்துக்கொள்கிறார்கள்.

அதே படத்தில் இறந்த தொழிலாளியின் மனைவி சாட்சி சொல்ல வருகிறாள். சாக்கடைக்குள் இறங்குமுன் அவள் கணவன் ஒரு கல்லைப் போட்டுப் பார்ப்பானாம். கரப்பான்பூச்சி வெளியே வந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று கணக்கு. இதை அவள் அழாமல், குரல் உயர்த்தாமல் சொல்கிறாள். கேமராவும் அசையவில்லை. அந்த அசையாமையில் நமக்குத்தான் மூச்சு முட்டுகிறது. 2024 சூனில் இதே புதுச்சேரியில், ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியாக வீட்டுக்குள் வந்த விஷவாயு மூன்று பெண்களைக் கொன்றது. வீட்டுக்குள் வந்தபோது நகரமே பதறியது, பதற வேண்டியதுதான். அந்த வாயுவோடு தினமும் வேலை செய்கிறவர்களுக்காக இந்த நாடு எப்போது பதறியது? திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017இல் இதைத்தான் கேட்டது. கேட்டவர்மேல் வழக்குப் பாய்ந்தது.

2025இல் நீரஜ் கேவான் எடுத்த 'ஹோம்பவுண்ட்' இந்திப் படம் கான் விழாவுக்குப் போனது. ஆஸ்கருக்கும் இந்தியா அதையே அனுப்பியது. ஒரு தலித் இளைஞன், ஒரு முஸ்லிம் இளைஞன், இருவரும் நண்பர்கள். காவலர் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். சீருடை போட்டால் ஊர் மரியாதை கொடுக்கும் என்று நம்புகிறார்கள். சூரத் மில்லுக்கு வேலைக்குப் போகிறார்கள். 2020 ஊரடங்கில் வீட்டுக்கு நடக்கிறார்கள். இந்த அரங்கில் போட்டித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் எத்தனை பேர்? உங்களுக்கு அந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. பெரிய தயாரிப்பு நிறுவனம், தெரிந்த முகங்கள், உணர்ச்சியைத் தூண்டும் இசை என்று அது கலைப்படத்துக்கும் வணிகப் படத்துக்கும் நடுவில் நிற்கிற படம். அதில் எனக்குக் குறையில்லை. பள்ளியில் சத்துணவு சமைக்கும் தாயின் கையால் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று ஊர் தடுக்கும் காட்சியில் இசை தேவைப்படவில்லை.

மெதுவாக இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. மெதுவாக நகர்வது இன்று ஒரு மோஸ்தரும் ஆகிவிட்டது. வறண்ட நிலம், வெடித்த கால், ஒரு கிழவி, ஒரு ஆடு, பேச்சில்லாத பத்து நிமிடம். வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பினால் எடுபடும் என்ற கணக்கில் எடுக்கப்படுகிற படங்களும் இருக்கின்றன. வறுமை அழகாகத் தெரிகிறது, சாதி மட்டும் தெரிவதில்லை. அதனால் எந்தப் படத்தைப் பார்க்கும்போதும் நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். கேமரா எங்கே நிற்கிறது, ஊரிலா சேரியிலா? சாதியின் பெயர் சொல்லப்படுகிறதா, மழுப்பப்படுகிறதா? கஷ்டப்படுகிறவர் திருப்பிப் பார்க்கிறாரா?

'கூழாங்கல்'லுக்கே இந்தக் கேள்விகளைப் போடலாம். வழியில் ஒரு குடும்பம் எலி வளையில் புகைபோட்டு எலி பிடித்துச் சுட்டுச் சாப்பிடுகிறது. அந்தக் காட்சியில் பரிதாபமும் இல்லை, அருவருப்பும் இல்லை, வேலையின் கவனம் இருக்கிறது. அது நல்லது. ஆனால் அப்பன் யார், எலி பிடிப்பவர்கள் யார், அவர்களுக்கிடையில் என்ன தூரம் என்பதைப் படம் பேசவில்லை. வெயில் எல்லோர்மேலும் ஒரேமாதிரி அடிப்பதுபோல் இருக்கிறது. நம் ஊரில் நிழலுக்கும் சாதி உண்டு.

அவருடைய அடுத்த படம் 'கொட்டுக்காளி' 2024இல் பெர்லின் விழாவில் காட்டப்பட்டு, ஆகஸ்டில் இங்கே திரைக்கு வந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பையனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று, முறைமாமனும் குடும்பமும் ஷேர் ஆட்டோவில் சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். பின்னணி இசையே கிடையாது. மீனா கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. வழியில் ஒலிபெருக்கியில் கேட்ட சினிமாப் பாட்டை அவள் முணுமுணுத்ததற்கு முறைமாமன் வெறிகொண்டு எல்லோரையும் அடிக்கிறான். சாதி வீட்டுக்குள் எப்படி வேலை செய்கிறது, ஆண்கள் கௌரவம் என்பது பெண் உடம்பின்மேல் எப்படிக் காவல் நிற்கிறது என்பதை இவ்வளவு நெருக்கமாகச் சொன்ன தமிழ்ப்படம் குறைவு.

ஆனால் அந்தப் பையன் படத்தில் வரவே இல்லை. அவன் முகம் இல்லை, பெயர் இல்லை. தோழர்கள் சிலர் இதைக் கோபமாகச் சொன்னார்கள்: "நம்ம ஆளைக் காட்டக்கூட மாட்டேங்கிறான்." எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆட்டோவுக்குள் அவனுக்கு இடம் கிடையாது. ஆதிக்க சாதிக் குடும்பம் ஒன்றின் அசிங்கத்தை அதன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து காட்டுகிற படம் அது. இளவரசன், கோகுல்ராஜ், சங்கர் என்று நம் பையன்களின் உடல்களையே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டோம். கொல்லத் துணிகிறவர்களின் வீட்டை யாராவது காட்ட வேண்டாமா? வேண்டும். அதேநேரம் அந்தப் பையனின் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்துகொண்டிருந்தது, அவன் அம்மா எப்படித் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்ற படத்தை நாம்தான் எடுக்க வேண்டும். அதை அவரிடம் எதிர்பார்ப்பது சரியில்லை.

தமிழ் இயக்கிய 'சேத்துமான்' 2022இல் ஓடிடியில் வந்தது. பெருமாள்முருகனின் 'வறுகறி' சிறுகதை, பா. இரஞ்சித்தின் தயாரிப்பு. கூடை முடையும் தாத்தா, படிக்க ஆசைப்படும் பேரன். பண்ணையாருக்குப் பன்றிக்கறி வேண்டும், ஊருக்குத் தெரியாமலும் சாப்பிட வேண்டும். பன்றியைப் பிடித்து, வாட்டி, அறுத்து, கழுவி, சமைக்கிற வேலையைப் படம் நிதானமாகக் காட்டுகிறது. கறி யாருக்கு, நாற்றம் யாருக்கு என்பது அந்த நிதானத்தில் தெரிந்துவிடுகிறது. இங்கே மெதுவாக நகர்வது மோஸ்தராக இல்லை. அது உழைப்பின் கணக்கு.

நம்மையும் பார்க்கும் கேமரா

லீனா மணிமேகலையின் 'மாடத்தி' 2019இல் பூசான் விழாவில் முதலில் காட்டப்பட்டது. புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண்பிள்ளையின் கதை. ஆள் வரும் சத்தம் கேட்டால் தாயும் மகளும் புதருக்குள் மறைய வேண்டும். கண்ணில் பட்டாலே தீட்டு. அவர்கள் வெளுப்பது யாருடைய துணியை? மாதவிடாய்த் துணியை, பிணத்தின் துணியைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார்? ஆதிக்க சாதியினர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது தோழர்களே. புதிரை வண்ணார்கள் காலங்காலமாகத் துணி வெளுத்தது தலித் சாதிகளுக்கு.

இந்த மன்றத்தின் மேடையில் நின்று இதைச் சொல்லாமல் 'மாடத்தி'யைப் புகழ்ந்தால் அது பொய்யான புகழ்ச்சி. அண்ணல் சொன்ன ஏணிப்படி அமைப்பில் நமக்குக் கீழேயும் படி இருக்கிறது. அந்தப் படியில் நிற்கிறவர்களை நாமும் காத்திருக்க வைத்திருக்கிறோம். நம் அமைப்புகளின் பொறுப்புப் பட்டியலில் அவர்கள் பெயர் எத்தனை? அருந்ததியர், புதிரை வண்ணார் தோழர்கள் இந்த அரங்கில் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்? மாணவர்கள் இந்தப் படத்தைப் பார்க்கும்போது கோபம் வரும். அந்தக் கோபத்தில் ஒரு பங்கை நம் தெருவுக்கும் கொண்டுவாருங்கள்.

எறியப்பட்ட கல்

நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி' 2013இல் வந்த மராத்திப் படம். கைக்காடி சமூகத்துப் பையன் ஜப்யா, குடும்பத்தோடு பன்றி பிடிக்க வேண்டியிருக்கிறது. அவன் விரும்பும் பெண் உட்பட ஊரே வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறது. கடைசியில் அவன் ஒரு கல்லை எடுத்து எறிகிறான். கல் நேராக நம்மை நோக்கி வருகிறது. படம் முடிகிறது.

இதோடு பி.கே. ரோசியை நினைக்கிறேன். மலையாளத்தின் முதல் திரைப்படமான 'விகதகுமாரன்' படத்தின் கதாநாயகி, தலித் பெண். நாயர் பெண்ணாக நடித்தாள் என்பதற்காகத் திரைமேல் கல்லெறிந்தார்கள். அவள் ஊரைவிட்டே ஓட வேண்டியிருந்தது. அன்றைக்குப் பார்வையாளர்கள் திரையைப் பார்த்து எறிந்த கல்லை, எண்பது ஆண்டுக்கும் மேலான பிறகு திரையிலிருந்து ஒரு பையன் திருப்பி எறிந்திருக்கிறான். நான் சொன்ன மூன்றாவது கேள்விக்கு, திருப்பிப் பார்க்கிறாரா என்ற கேள்விக்கு, இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் ஏப்ரல் தலித் வரலாற்று மாதத்தில் ரோசி பெயரிலேயே திரைப்பட விழா நடத்துகிறது.

படங்கள் எங்கே, நாம் எங்கே?

இவ்வளவு நேரம் நான் சொன்ன படங்களில் எத்தனையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்? ராட்டர்டாமில், பெர்லினில், பூசானில், கானில் பார்த்துவிட்டார்கள். சாரத்தில் பார்க்கவில்லை. சந்தியா சூரியின் 'சந்தோஷ்' படத்தில் ஒரு தலித் சிறுமியின் கொலையும் காவல்துறையின் நடத்தையும் வருகின்றன. தணிக்கை வாரியத்தோடு உடன்பாடு வராமல் 2025இல் அது இந்தியத் திரையரங்குக்கே வரவில்லை. தணிக்கை தாண்டிய படம் இரண்டு நாள் காலைக் காட்சி ஓடும். பிறகு ஓடிடி. மாதச் சந்தா கட்டி, வீட்டில் தனியாகச் செல்போனில் பார்க்க வேண்டும்.

புதுச்சேரிக்குத் திரைப்பட மரபு இல்லாமலில்லை. அரசும் நவதர்சன் திரைப்படக் கழகமும் அலியான்ஸ் பிரான்சேஸும் சேர்ந்து ஆண்டுதோறும் விழா நடத்துகின்றன, இந்த மண்ணில் அடங்கிய சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரில் விருது தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு ஊர், மேற்கே இன்னொரு ஊர் என்று நமக்குத் தெரியும். படப்பிடிப்புக்காரர்கள் கிழக்கே மஞ்சள் சுவர்களுக்கு வருகிறார்கள். காமராசர் சாலையைத் தாண்டி நம் சந்துக்குள் கேமராவும் வருவதில்லை, திரையும் வருவதில்லை.

கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஒடேசா என்ற இயக்கம் தொடங்கி, ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டி, மக்களிடம் சில்லறையாக வசூலித்து 'அம்ம அறியான்' எடுத்தார்கள். 1986இல். இன்று புரொஜக்டரும் ஒலிபெருக்கியும் வாடகைக்குக் கிடைக்கின்றன. வெள்ளை வேட்டி நம்மிடம் இருக்கிறது.

அதனால் மன்றத்துக்கு என் கோரிக்கை இது. மாதம் ஒரு படம், சமுதாயக் கூடத்தில் அல்லது தெருவில். இயக்குநரிடம் முறையாக எழுதி அனுமதி வாங்குங்கள். திருட்டுப் பிரதி வேண்டாம், கடன் வாங்கிப் படமெடுத்தவர்கள் அவர்கள். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் திரும்பிவந்து சாப்பிட்டபிறகு, இரவு எட்டரைக்குமேல் போடுங்கள். பெண்களுக்கு முன்வரிசை. முதலில் 'கூழாங்கல்' போடுங்கள், ஒன்றேகால் மணி நேரம்தான். படம் முடிந்தபின் அறிவாளிகள் யாரும் முதலில் பேசக் கூடாது. குடம் தூக்கித் தண்ணீர் கொண்டுவந்த அம்மா ஒருவர் முதலில் பேசட்டும். "இதென்ன படம், இதைத்தான் தினம் பார்க்கிறேனே" என்று அவர் சொல்லலாம். அங்கிருந்து பேச்சு தொடங்கட்டும். அந்தப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். நாளைக்கு நம் பிள்ளைகள் எடுக்கப்போகும் படத்துக்கு அதுதான் திரைக்கதை.

அந்தப் படம் வேகமாகப் போக வேண்டுமா, மெதுவாக நகர வேண்டுமா என்பதை எடுப்பவர்கள் முடிவு செய்யட்டும். நம் நேரத்தை நாமே வெட்டி ஒட்டும் உரிமை நமக்கு வர வேண்டும் என்பதே என் ஆசை. மறைந்த தோழரும் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார் என்று நம்புகிறேன். உங்களில் மறுப்பு இருப்பவர்கள் இப்போது எழுந்து பேசலாம்.